காரோட்டிக்கு ஏற்ற காலணி



மோட்டார் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்பாத இளைஞர் இந்நாளில் அரியர். 18 வயது நிரம்பியவர் கார் ஓட்டும் உரிமம் பெறலாம் என்பது சட்டம். அந்த நாளை எண்ணிக் காத்திருப்போர் உங்களுள் பலர் இருக்கக்கூடும். புதிய வண்டி ஒன்றைக் கண்டால் அதன் விசை எவ்வளவு, அதில் எத்தனை பேர் அமரலாம், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றெல்லாம் ஆர்வத்தோடு விசாரிக்கிறோம். ஆனால் எத்தகைய காலணியை அணிந்துகொண்டு அதை ஓட்டுவது என்று கேட்பவரைக் காண்பது அரிதாக இருக்கிறது. ஒருவரும் கேளாத அந்தக் கேள்வியையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

இது மிகச் சிறிய செய்தி என்று நீங்கள் எண்ணலாம். செருப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் கேட்கலாம். சற்றே ஆராய்ந்து பாருங்கள். ஓட்டுநரின் கைகள் வண்டியைத் திருப்புகின்றன. அதனை விரைந்து ஓடச் செய்வனவும் நிறுத்துவனவும் அவர் கால்களே. ஏறத்தாழ ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறு காரும், அதில் அமர்ந்திருப்போர் உயிரும், எதிரே சாலையைக் கடக்கும் குழந்தையின் உயிரும், காலின் கீழ் உள்ள சில விரற்கடை அகலமான ஒரு மிதியை நம்பியிருக்கின்றன. அந்த மிதிக்கும் காலுக்கும் இடையே இருக்கும் பொருள் காலணி ஒன்றே. ஆதலின் அதைப் பற்றிச் சிறிது நேரம் எண்ணிப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

முதலில், கார் ஓட்டும்போது கால் என்ன செய்கிறது என்று காண்போம். ஓட்டுநரின் காலடியில் மூன்று மிதிகள் இருக்கின்றன. இடப்புறம் இருப்பது கிளச். நடுவில் இருப்பது பிரேக். வலப்புறம் இருப்பது ஆக்ஸிலரேட்டர். இடக்கால் கிளச்சை மட்டும் கவனித்துக்கொள்ளும். மற்ற இரண்டும் வலக்காலின் பொறுப்பு. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டிகளிலும் மின்சாரக் கார்களிலும் கிளச் மிதி இல்லை. அங்கேயும் ஓட்டமும் நிறுத்தமும் வலக்காலையே சேர்ந்தவை.

வலக்காலின் குதிகால் வண்டியின் தரையில் ஊன்றியிருக்கும். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படியே இந்தக் காலுக்குக் குதிகால். அதனை நிலையாக வைத்துக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியால் ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்துகிறோம். வேகத்தைக் குறைக்க வேண்டுமாயின் பாதம் இடப்புறம் நகர்ந்து பிரேக்கின்மேல் அமர்கிறது. ஆக்ஸிலரேட்டருக்கு வேண்டியது மென்மை. வீணை வாசிப்பவர் விரல்போல அளவறிந்து அழுத்த வேண்டும். திடீரென்று நிறுத்த நேரும்போது பிரேக்குக்கு வேண்டியது வலிமை. முழங்காலும் தொடையும் சேர்ந்து உந்த வேண்டும். இவ்வாறு மென்மையும் வலிமையும் ஆகிய இரண்டையும் ஒரே பாதம் நொடிக்கு நொடி மாற்றி மாற்றிச் செய்கிறது.

இதிலிருந்து, ஓட்டுநரின் காலணிக்கு இருக்க வேண்டிய இயல்புகள் மூன்று என்று தெளியலாம். காலணி காலோடு ஒன்றி நிற்க வேண்டும். நழுவிக் கழலக் கூடாது. மிதியின் அழுத்தத்தைப் பாதம் உணருமாறு இருக்க வேண்டும். மரத்துப்போகச் செய்யக் கூடாது. மிதியின்மேல் பற்றி நிற்க வேண்டும், வழுக்கக் கூடாது. ஒன்றுதல், உணர்தல், பற்றுதல் என்னும் இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் நூறு வகைக் காலணிகளைக் காட்டினாலும் நீங்கள் மயங்க மாட்டீர்கள்.

இம்மூன்றில் ஒன்று குறைந்தால் என்ன நேரும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 16.7 மீட்டர் கடக்கிறது. காலணி மிதியில் சிக்கியதாலோ வழுக்கியதாலோ பிரேக்கை அழுத்த அரை விநாடி தாமதமாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வண்டி 8 மீட்டருக்கு மேல் சென்றுவிடும். இரண்டு சிறு கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஏற்படும் நீளம் அது. மணிக்கு 36 கிலோமீட்டர் என்னும் மிதமான வேகத்திலுங்கூட அரை விநாடியில் 5 மீட்டர் போய்விடும். எங்கள் பொழிச்சலூரின் குறுகிய தெருக்களில் 5 மீட்டர் என்பது ஒரு வீட்டு வாயிலிலிருந்து அடுத்த வீட்டு வாயில். ஒரு வாயிலில் நிற்க வேண்டிய வண்டி அடுத்த வாயிலில் போய் நின்றால், இடையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையின் கதி என்ன?

இனி, நாம் அன்றாடம் அணியும் காலணிகளை ஒவ்வொன்றாக அந்த மூன்று இயல்புகளைக் கொண்டு சோதிப்போம்.

முதலில் ரப்பர்ச் செருப்பு. ஹவாய்ச் செருப்பு என்று நாம் வழங்குவது இதனையே. விலை குறைவு, மழைக்கும் சேற்றுக்கும் அஞ்சாது, வீட்டு வாசலில் எப்போதும் காத்துக் கிடப்பது. நடப்பதற்கு ஏற்ற பொருள்தான். ஆனால் குதிகாலை அது பற்றுவதில்லை. விரலிடுக்கில் உள்ள வார் ஒன்றை நம்பியே காலில் தங்கியிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கால் நகரும்போது, செருப்பின் பின்பாதி தொங்கித் திரும்பும். முனை மடங்கி மிதியின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். முதல் இயல்பாகிய ஒன்றுதல் இதனிடம் இல்லை. பின்வார் இல்லாத தோற்செருப்புகளுக்கும் இக்குறை உண்டு.

அடுத்தது, உயர்ந்த குதி வைத்த காலணி. திருமணத்துக்கும் விழாவுக்கும் செல்லும் பெண்மணிகள் பலர் இதனை அணிகிறார்கள். குதிகால் தரையில் நேராக ஊன்ற முடியாதபடி உயர்ந்து நிற்கும். கீல் ஆட்டம் கண்ட கதவுபோல் பாதம் நிலைகொள்ளாது. கூரிய குதி தரைவிரிப்பில் குத்திக்கொண்டு வெளிவர மறுப்பதும் உண்டு. புடவையின் கரை அதில் மாட்டிக்கொள்வதும் உண்டு. இத்தகைய காலணியை விழா மண்டபத்துக்கு என்று வைத்துக்கொண்டு, ஓட்டும்போது தட்டையான வேறொன்றை அணிவதே தக்கது.

மூன்றாவது, கனத்த அடிப்பாகம் கொண்ட பூட்ஸ். மழைக்காலத்தில் அணியும் ரப்பர்ப் பூட்ஸும், தொழிற்கூடங்களில் அணியும் இரும்பு முனை வைத்த பூட்ஸும் இவ்வகையின. இவை காலை நன்றாகக் காக்கும். ஆனால் மிதியின் உணர்வை மறைத்துவிடும். எவ்வளவு அழுத்தினோம் என்பது பாதத்துக்குத் தெரியாது. அகலமும் மிகுதியாகையால் பிரேக்கை மிதிக்கும்போது பக்கத்தில் உள்ள ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து அழுந்தக்கூடும். கணுக்காலும் தாராளமாக வளையாது. பிரிட்டனில் மோட்டார் ஓட்டுவோர்க்கு அறிவுரை கூறுவோர், காலணியின் அடிப்பாகம் 10 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருத்தல் ஆகாது என்றும், மிகவும் மெலிந்து நெகிழ்ந்துபோவதும் ஆகாது என்றும் சொல்கிறார்கள். அளவறிந்து கூறிய நல்லுரை அது.

நான்காவது, வழவழப்பான தோல் அடி வைத்த ஷூ. அலுவலகத்துக்கு மிடுக்காக இருக்கும். காலோடு ஒன்றும், ஓரளவு உணர்வும் தரும். ஆனால் ஈரம் பட்டுவிட்டால் மூன்றாவது இயல்பாகிய பற்றுதல் போய்விடும். ஐப்பசி கார்த்திகையில் நம் வட்டாரத்தில் மழை பெய்யும்போது, சேறு படிந்த அடியோடு காரில் ஏறி அமர்ந்து உடனே வண்டியைக் கிளப்புவோர் எத்தனை பேர்! எந்தக் காலணியாயினும், ஏறியவுடன் அடிப்பாகத்தை விரிப்பில் நன்கு தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு ஓட்டுதல் வேண்டும்.

"அப்படியானால் வெறுங்காலோடு ஓட்டிவிடலாமே" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டுக்குள் செருப்பணியாத நாடு நம்முடையது. நெடுந்தூரம் லாரி ஓட்டும் அன்பர்களிலும் வெறுங்காலால் மிதிப்பவர் உண்டு. உணர்வைப் பொறுத்தமட்டில் வெறுங்காலுக்கு இணை இல்லை. நழுவிக் கழலவும் ஒன்றும் இல்லை. எனினும் குறைகள் இரண்டு. வியர்த்தோ நனைந்தோ உள்ள பாதம் மிதியில் வழுக்கும். அவசரத்தில் முழு வலிமையோடு பிரேக்கை அழுத்த நேரும்போது, மெல்லிய உள்ளங்காலுக்கு நோகும். நோகும் கால் தன்னையறியாமல் தளரும். இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்று வந்தால், நழுவும் செருப்பைவிட உலர்ந்த வெறுங்கால் நன்று என்பேன். இவற்றினும் நன்று, காலோடு பொருந்திய காலணி.

வெறுங்காலைப் பற்றிப் பேசும்போது இன்னோர் ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. கழற்றிய செருப்பு எங்கே கிடக்கிறது என்பதே அது. எங்கள் பொழிச்சலூரில் அகத்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள சனீசுவரர் சந்நிதியால் வட திருநள்ளாறு என்று அதனைப் போற்றுவர். சனிக்கிழமைகளில் வெளியூர்களிலிருந்தும் கார்கள் வந்து நிற்கும். வருவோர் பலர் செருப்பைக் காரிலேயே கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார்கள். வழிபாடு முடிந்ததும் வெறுங்காலோடு வந்து அமர்ந்து அப்படியே வண்டியைக் கிளப்புகிறார்கள். செருப்பு ஓட்டுநரின் காலடியிலேயே கிடக்கிறது. நான் பலமுறை கண்ட காட்சி இது.

இயற்பியல் படிக்கும் மாணவர்க்கு நியூட்டனின் முதல் விதி தெரியும். இயங்கும் பொருள் வேறு விசை தடுக்காதவரை இயங்கிக்கொண்டே இருக்கும் அன்றோ? பிரேக்கை அழுத்தியதும் வண்டி தளர்கிறது. ஆனால் தரையில் தளர்வாகக் கிடக்கும் செருப்பு முன்னோக்கியே நகர்கிறது. முன்னே இருப்பவை மிதிகள். மிதியின் அடியில் செருப்பு புகுந்துகொண்டால் பிரேக் முழுதும் கீழிறங்காது. எந்த நொடியில் பிரேக் மிகவும் தேவையோ, அந்த நொடியிலேயே செருப்பு அங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

என் அண்டை வீட்டார் ஒருவர் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தபோது இவ்வாறே நேர்ந்தது. குறுக்கே ஓர் ஆட்டோ வந்தது; பிரேக்கை மிதித்தார்; மிதி பாதியில் நின்றுவிட்டது. நல்லவேளையாக வண்டி மெதுவாகச் சென்றுகொண்டிருந்தது. கைப்பிரேக்கை இழுத்து, சுற்றுச்சுவரை உரசி நிறுத்திவிட்டார். இறங்கிக் குனிந்து பார்த்தால், மிதியின் கீழே அவருடைய செருப்பில் ஒன்று செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. அவர் மனைவியார் அதனை எடுத்துக் கையில் பிடித்தபடி நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். அன்றுமுதல் அந்த வீட்டார் காலணிகளைப் பின்பக்கப் பெட்டியில் வைத்துவிட்டே கோயிலுக்குள் செல்கிறார்கள்.

காலடியில் கிடக்கும் பொருள் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை உலகமும் கண்டிருக்கிறது. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் சான் டியேகோ நகருக்கருகே, ஒரு காரின் ஆக்ஸிலரேட்டர் மிதியில் தரைவிரிப்பு சிக்கிக்கொண்டது. அந்த வண்டிக்கு உரியதல்லாத விரிப்பு அது. வண்டி கட்டுக்கடங்காமல் விரைந்து மோதியதில் நால்வர் மாண்டனர். அடுத்த மாதமே டொயோட்டா நிறுவனம், அந்நாட்டில் ஓடிய ஏறத்தாழ 38 இலட்சம் வண்டிகளின் ஓட்டுநர் பக்க விரிப்புகளை எடுத்துவிடுமாறு அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒரு துண்டு ரப்பர் விரிப்புக்கே இவ்வளவு என்றால், தளர்ந்து கிடக்கும் செருப்பையும் தண்ணீர்க் குப்பியையும் நாம் எப்படி அலட்சியம் செய்யலாம்?

இதுபற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று அறிய விரும்புவீர்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பெற்று அபராதங்கள் உயர்ந்தபோது, செருப்பணிந்து ஓட்டினாலும் தண்டம் உண்டு என்று ஒரு வதந்தி பரவியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சராயிருந்த நிதின் கட்கரியின் அலுவலகம், அப்படி ஒரு விதி இல்லை என்று அந்த ஆண்டு செப்டம்பரிலேயே தெளிவுபடுத்திற்று. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் 97-ஆம் விதி, வண்டியின் கருவிகளை முறையாக இயக்குவதற்குத் தடையாகாத காலணியும் உடையும் அணிய வேண்டும் என்று கூறுகிறது. இன்ன காலணி என்று அதுவும் பெயர் குறிக்கவில்லை. ஆகவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஓட்டுபவரின் அறிவுக்கே விடப்பட்டிருக்கிறது. தண்டம் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று பொருளாகாது.

அப்படியாயின் நல்ல காலணி எப்படி இருக்கும்? அதற்கு விடை தேட நாங்கள் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பொழிச்சலூருக்கு அண்மையில் உள்ளது குரோம்பேட்டை. 1912-இல் சேம்பர்ஸ் என்பார் அங்கே தொடங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால் அவ்வூருக்கு அப்பெயர் வந்தது. அதற்கு முன் நம் நாட்டில் ஆவாரம்பட்டை போன்றவற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்தே தோலைப் பதனிட்டு வந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் அறிஞர், குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு பதனிடும் முறையைச் சென்னையில் சோதித்தார். கிணற்றில் கவலை இறைக்கும் தோற்பை நீரில் நெடுநாள் உழைக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. குரோம் முறையில் பதனிட்ட தோல் மெல்லியது, வளைந்து கொடுப்பது, ஈரத்தைத் தாங்குவது. ஆகவே காலைச் சுற்றிப் பற்றும் மேற்பகுதிக்கு அது மிகவும் ஏற்றது. அடிப்பகுதிக்கோ, ஆழமில்லாத வரிகள் பதித்த ரப்பர் நன்று. மேலே மென்தோலும் கீழே மெல்லிய ரப்பருமாக அமைந்த தட்டையான ஷூ, ஒன்றுதல், உணர்தல், பற்றுதல் ஆகிய மூன்று இயல்புகளையும் பெற்றிருக்கும். துணியாலான சாதாரணக் கான்வாஸ் ஷூவும் இந்தச் சோதனையில் தேறிவிடும். விலை மிகுந்த பொருள் வேண்டும் என்பதில்லை.

அளவைப் பற்றியும் ஒரு சொல். 'செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா?' என்பது நம்மவர் பழமொழி. நெடுங்காலமாக நாம் செய்துவந்தது ஏறக்குறைய அதுதான். நாம் வாங்கும் ஷூக்களின் அளவுமுறை பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தது. 1948-இல் நிறுவப்பெற்று அடையாற்றில் பணிபுரியும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடெங்கும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பாதங்களை அளந்தறிந்தது. இந்தியர் பாதம் ஐரோப்பியர் பாதத்தினும் அகன்றது என்பது அந்த ஆய்வின் முடிவு. அகலம் போதாமையால் பலர் நீளம் மிகுந்த ஷூவை வாங்கிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள் என்றும் கண்டறிந்தார்கள். நம் பாதத்துக்கென்றே 'பா' என்னும் பெயரில் புதிய அளவுமுறை ஒன்றும் முன்மொழியப்பட்டது.

நடப்பவர்க்கு நீளம் மிகுந்த ஷூவால் வருவது கொப்புளம். ஓட்டுநர்க்கோ, விரலுக்கு அப்பால் நீண்டிருக்கும் வெற்று முனை, மிதிக்கு மேலே உள்ள பாகங்களில் இடித்துக்கொள்ளும். பாதம் எங்கே முடிகிறது என்னும் கணக்கும் தவறும். ஆகவே காலணி வாங்கும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இரண்டு கால்களிலும் அணிந்துகொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தின் முன்பகுதியை இடமும் வலமும் பத்து முறை திருப்பிப் பாருங்கள். குதிகால் உள்ளே எழும்பினால் அது தளர்ந்தது. கீழே கிடக்கும் ஒரு சிறு நாணயத்தை மிதித்துப் பாருங்கள். அது இருப்பது பாதத்துக்கு ஓரளவேனும் தெரிந்தால் அடிப்பாகம் தக்க அளவினது. கயிறு வைத்த ஷூவாயின், முடிச்சுக்குப் பின் எஞ்சும் கயிற்றை உள்ளே செருகிவிடுங்கள். அது மிதியில் சுற்றிக்கொள்ள இடம் தரலாகாது. புதிய காலணியை அணிந்த முதல் நாளிலேயே பெருஞ்சாலைக்குச் செல்லாமல், கூட்டமில்லாத தெருவில் சிறிது நேரம் ஓட்டிக் காலைப் பழக்கிக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கென்றே ஒரு ஜோடியைக் காரில் வைத்திருப்பது நல்ல வழக்கம். ஆனால் அதனை ஓட்டுநர் இருக்கையின் அடியில் வைத்தல் கூடாது.

முடிவாக ஒன்று. நம்மில் பலர் பிறர் ஓட்டும் வண்டியில் செல்பவர்கள். பள்ளிக்குச் செல்லும் வேனையும், வாடகைக் காரையும், முதலாளியின் வண்டியையும் ஓட்டுவோர் மாதக் கூலி பெறும் எளியவர்கள். தேய்ந்த ரப்பர்ச் செருப்போடு பத்து மணி நேரம் ஓட்டுபவர் அதனை விரும்பியா அணிகிறார்? வண்டிக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் செலவிட்டுப் பழுது பார்க்கும் உரிமையாளர், ஓட்டுநருக்கு ஆண்டுக்கு ஒரு ஜோடி நல்ல ஷூ வாங்கித் தருவதைச் செலவாகக் கருதக் கூடாது. வண்டியில் ஏறும் பிள்ளைகளின் பாதுகாப்பில் அதுவும் ஒரு பகுதி. உங்கள் வீட்டில் கார் இருந்தால், இன்று மாலையே ஓட்டுநர் இருக்கையின் முன்னும் அடியிலும் குனிந்து பாருங்கள். அங்கே செருப்போ குப்பியோ கிடந்தால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். விரிப்பு நகர்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். ஓட்டும் வயது உங்களுக்கு வரும்முன்பே நீங்கள் செய்யக்கூடிய பணி இது.